தாராபுரம் சாலையில் கடைசி ஆளாக

என் கையிலிருந்து யாராவது பையை வாங்கினால் எனக்குக் கோபம் வரும். பல்லடத்தில் இறங்கியதும் முதலில் வந்தது அந்தக் கோபம்தான். கோயம்புத்தூரில் ஏறிய பேருந்து திருப்பூர் போகும் என்று நம்பி ஜன்னலோரம் வசதியாக உட்கார்ந்திருந்தேன். அது தாராபுரம் போகிற வண்டி என்பது பல்லடம் வந்த பிறகுதான் தெரிந்தது. நடத்துநர் என்னை அவசரமாக இறக்கி, என் பையைத் தன் தோளில் மாட்டிக்கொண்டு, எதிரே உறுமிக்கொண்டிருந்த இன்னொரு தனியார் பேருந்தின் படிக்கட்டை நோக்கி ஓடினார்.

"குடுங்க, அத நானே தூக்கிக்குவேன்" என்றேன். குரல் கொஞ்சம் உயர்ந்துவிட்டது.

"அட, உங்களுக்கு எதுக்குங்க பாரம்?" என்றார் அவர், சிரித்துக்கொண்டே.

பாவம், நல்ல மனிதர். ஆறு ஆண்டுகளாக நான் தினமும் கேட்டுக் கேட்டு வெறுத்துப்போன வாக்கியம் அது என்று அவருக்கு எப்படித் தெரியும்? பாட்டும் ஹாரனும் போட்டி போட்ட அந்தப் பேருந்தில் திருப்பூர் வரும்வரை பையை மடியிலேயே வைத்திருந்தேன். அதற்குள் மாற்றுத் துணியோடு என் ஓட்டக் காலணிகளும் இருந்தன.

நான் மலேசியாவில் ஈப்போக்காரி. பெயர் வசந்தி. வயது ஐம்பதைத் தாண்டிவிட்டது. பள்ளிக்கூடங்களுக்கும் விளையாட்டுக் குழுக்களுக்கும் சட்டை அச்சடித்துத் தரும் சிறிய கடை ஒன்றை நானும் என் தம்பி மணியமும் நடத்துகிறோம். ஆறு ஆண்டுகளுக்கு முன் அவனுக்கு இரண்டு சிறுநீரகங்களும் செயலிழந்தன. என்னுடையதில் ஒன்றைக் கொடுத்தேன். அவன் பிழைத்தான். நானும் நன்றாகத்தான் இருக்கிறேன். ஆனால் நான் நன்றாக இருக்கிறேன் என்பதை அவன் மட்டும் இன்றுவரை நம்பவில்லை.

கடைக்கு அட்டைப்பெட்டி வந்து இறங்கினால் நான் தொடுவதற்குள் ஓடிவந்து பிடித்துக்கொள்வான். பாரம் தூக்காதே என்று டாக்டர் எச்சரித்தது அவனைத்தான். ஒரே பெட்டியை அக்காளும் தம்பியும் ஆளுக்கொரு பக்கம் பிடித்து இழுப்பதைப் பார்த்து வாடிக்கையாளர்கள் சிரிப்பார்கள். நான் தும்மினால் அவன் முகம் வாடும். ஒருநாள் பக்கத்துக் கடைக்காரரிடம், "அக்கா என்னால பாதி ஆளாயிட்டாங்க" என்று அவன் சொன்னது உள்ளே இருந்த என் காதில் விழுந்தது. அழுகை வந்தது. அவனைப் பிடித்து நாலு அறை அறையலாம் என்றும் இருந்தது. மறுநாள் காலையில்தான் ஓட ஆரம்பித்தேன்.

முதலில் மைதானத்தை ஒரு சுற்று, பிறகு ஊரை ஒரு சுற்று. ஒற்றைச் சிறுநீரகத்தோடு ஓடலாமா என்று டாக்டரிடமே கேட்டேன். தாராளமாக ஓடலாம், தண்ணீர் குடிக்க மறக்கக் கூடாது, வலிக்கிறது என்று மாத்திரை மட்டும் போடக் கூடாது என்றார். தம்பியிடம் நடைப்பயிற்சி என்று சொல்லி வைத்திருந்தேன். எங்கள் பக்கத்தில் நடந்த ஒரு மாரத்தானுக்குப் பெயரும் கொடுத்துவிட்டேன். நாற்பத்திரண்டு கிலோமீட்டர் ஓடி முடித்து அவன் முன்னால் நின்றால், இனி என்னைப் பாதி ஆள் என்று அவனால் எப்படிச் சொல்ல முடியும்? கணக்கு அவ்வளவுதான். ஆனால் காலணிகளை அவன் கண்டுபிடித்துவிட்டான். கடை வாசற்படியில் உட்கார்ந்து சின்னப் பிள்ளை மாதிரி அழுதான். பெயரைத் திரும்ப வாங்கிக்கொண்டேன். காலணிகளைத் தூக்கிப் போட மட்டும் மனம் வரவில்லை.

திருப்பூருக்கு வந்தது கடை வேலையாக. ஒரு பள்ளியின் விளையாட்டு விழாவுக்குச் சட்டை தைக்கக் கொடுத்திருந்தோம். மாதிரிக்கு வந்த சட்டையை ஒருமுறை துவைத்ததும் பக்கவாட்டுத் தையல் முறுக்கிக்கொண்டு வயிற்றுக்கு வந்துவிட்டது. நேரில் பார்க்காமல் சரிவராது. கூட்டமும் வெளித்தண்ணீரும் மணியத்துக்கு ஆகாது என்பதால் நான் கிளம்பினேன். இங்கே எங்கள் வேலையைச் செய்துதருகிற கோகிலா, அந்த ஞாயிற்றுக்கிழமை அவர்கள் ஊரில் மாரத்தான் என்று முன்பே போனில் சொல்லியிருந்தாள். காலணிகள் பைக்குள் போன காரணம் அதுதான்.

வெள்ளிக்கிழமை காலை கோகிலாவின் கம்பெனிப் பேருந்து என்னை அழைத்துப்போக விடுதி வாசலுக்கு வந்தது. வேலைக்குப் போகிற பெண்களுக்கு நடுவே எனக்கும் ஓர் இடம். ஓட்டுநர் வேலுச்சாமி கழுத்தில் துளசி மாலை போட்டிருந்தார். வருஷம் தவறாமல் தைப்பூசத்துக்குப் பழனிக்கு நடப்பவராம். "அடுத்த வாரத்துலருந்து நான் லீவுங்க. வேற டிரைவரு வருவாருங்க" என்றார். அதைச் சொல்லும்போது அவர் முகம் தெளிந்திருந்தது. பின் இருக்கையில் இரண்டு பெண்கள் திருநெல்வேலித் தமிழில் மாமியாரைப் பற்றிப் பேசிக்கொண்டு வந்தார்கள். அவர்களுக்குப் பின்னால் யாரோ போனில் இந்தியில் சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள். ஈப்போவில் ஒரே மேசையில் மூன்று மொழி கேட்டுப் பழகிய எனக்கு அது சொந்த ஊர் மாதிரியே இருந்தது.

கம்பெனி முதலிபாளையத்தில். கோகிலாவுக்கு நாற்பது வயதிருக்கும். தையல் எந்திரங்களின் சத்தத்துக்கு மேலே குரலை ஏற்றியே பேசிப் பழகியவள், வெளியே வந்தாலும் அதே குரல்தான். முறுக்கிய சட்டையை மேசைமேல் விரித்து, தையலோடு விரலை ஓட்டிப் பார்த்தாள்.

"தப்பு எங்க மேலதானுங்க்கா. துணி சரியா அடங்கறதுக்கு முன்னாடியே கட் பண்ணிட்டாங்க. மிச்சத் துணிய அடக்கி எடுக்க மறுபடியும் கம்பாக்டிங்குக்கு அனுப்பிச்சிருக்கறனுங்க. ஆனா திங்கக்கிழமைதான் கைக்கு வருமுங்க."

அப்படியானால் ஞாயிற்றுக்கிழமை நான் இங்கேதான்.

மதியம் அவள் வீட்டிலிருந்து வந்த அரிசிம்பருப்பு சாதம். அரிசியையும் பருப்பையும் ஒன்றாகப் பொங்கி, தாளித்து, மேலே நெய் ஊற்றியது. தேங்காய்ப்பால் சோறும் காரச் சம்பலுமான எங்கள் ஊர் நாசி லெமாக் நாக்கைச் சுறுசுறுப்பாக்கும். இது வயிற்றைத் தட்டித் தூங்கவைக்கிறது. இரண்டாம் முறை போட்டுக்கொண்டபோதுதான் மூலையில் குவிந்திருந்த பச்சைச் சட்டைகளைப் பார்த்தேன். நெஞ்சில் பெரிய பெரிய எண்கள் அச்சிட்டிருந்தன.

"ஞாயித்துக்கிழமை ஓட்டத்துக்குங்க்கா" என்றாள் கோகிலா.

மற்ற ஊர்களில் எண்ணைக் காகிதத்தில் அச்சடித்து, சட்டையில் ஊக்கு குத்தி மாட்டிக்கொள்ளச் சொல்வார்கள். அதைச் சொன்னேன். கோகிலா சிரித்தாள். கமிட்டியில் ஒருவர் அதைத்தான் சொன்னாராம். "எங்கூட்டுக்காரரு எந்திரிச்சே நின்னுட்டாருங்க்கா. நல்ல பனியன்ல கொண்டுபோய் ஊக்கு குத்தறதான்னு. ஒரு ஓட்டை இருந்தாலே பீஸைத் தூக்கிக் கடாசற ஊருங்க இது." கமிட்டி முழுக்கப் பனியன் முதலாளிகள். ஒரே பேச்சாக எண்ணைச் சட்டையிலேயே அச்சடித்துவிடுவது என்று முடிவாகிவிட்டது. துணி, ஏதோ ஓர் ஆர்டருக்குச் சாயம் போட்டு மீந்து கிடந்த பச்சை. அதுவும் பருத்தி. நெடுந்தூரம் ஓடுகிறவர்கள் பருத்தி போடமாட்டார்கள். வியர்வையில் நனைந்து கனக்கும், தோலை அறுக்கும். இந்த ஊரில் அதை யாரிடம் போய்ச் சொல்வது?

"எனக்கும் ஒண்ணு அச்சடிச்சுக் குடு கோகிலா. முழு மாரத்தான்" என்றேன்.

அவள் சாப்பாட்டுக் கையை நிறுத்தினாள். "மணியண்ணன் போன வாரம் போன் பண்ணியிருந்தாருங்க்கா. அக்காவ எதையும் தூக்க விட்றாதீங்கன்னு சொன்னாருங்க. எல்லாத்தையும் சொன்னாருங்க."

இங்கேயும் வந்துவிட்டானா! அவள் என் முகத்தைப் பார்த்தாள். பிறகு கை கழுவி வந்து, அச்சு மேசைக்குப் பக்கத்தில் நின்று, "சைஸ் என்னங்க்கா?" என்று கேட்டாள். அன்று எனக்கு அவளைக் கட்டிப்பிடித்துக்கொள்ள வேண்டும் போலிருந்தது.

சனிக்கிழமை, தம்பியிடம் சொல்லாமல் ஓடுவதில்லை என்று முடிவு செய்தேன். காலையிலேயே போன் போட்டேன். நான் சொல்லி முடிக்கும்வரை அவன் குறுக்கிடவில்லை. அதுவே பயமாக இருந்தது.

"அக்கா, அங்க உனக்கு என்னாச்சும் ஆச்சுன்னா நான் வரக்கூட முடியாது" என்றான் கடைசியில். "என்னால உனக்கு இன்னொண்ணு குடுக்க முடியுமா, சொல்லு? அன்னிக்கே நான் போயிருந்தா நீ முழுசா இருந்திருப்ப."

"நான் முழுசாத்தான்டா இருக்கேன். அதக் காட்டத்தான் ஓடுறேன்."

"அப்ப ஓடு. எனக்குப் போன் பண்ணாத."

வைத்துவிட்டான். மறுபடியும் அழைத்தேன். எடுக்கவில்லை. விடுதி அறையில் சும்மா உட்கார்ந்திருக்க முடியாமல் வெளியே கிளம்பி, தாராபுரம் சாலைவரை போனேன். மறுநாள் ஓட வேண்டிய சாலை அது.

பழனிக்கு நடப்பவர்கள் அந்தச் சாலையில் போக ஆரம்பித்திருந்தார்கள். பச்சை வேட்டியும் காவி வேட்டியுமாக, வெறுங்காலோடு, குடும்பம் குடும்பமாக. சாலையோரம் நெடுகிலும் கீற்றுப் பந்தல்கள். தைப்பூசம் எங்களுக்குப் புதிதல்ல. ஈப்போவில் காவடி எடுத்திருக்கிறோம், பந்தலில் நின்று மோர் ஊற்றியிருக்கிறோம். ஆனால் அங்கே எல்லாம் ஒரு பகல், ஓர் இரவில் முடிந்துவிடும். இங்கே நாள்கணக்கில் நடக்கிறார்கள். அவர்களை யாரும் தடுப்பதில்லை. வேண்டாம் என்று போனில் அழுவதில்லை. வழியில் நிற்பவர்கள் கையெடுத்துக் கும்பிடுகிறார்கள், அவ்வளவுதான். அவர்களைப் பார்க்க எனக்குப் பொறாமையாக இருந்தது. வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன்.

ஞாயிறு விடிவதற்கு முன்பே கல்லூரி மைதானத்தில் கூடிவிட்டோம். குறைந்த தூரம் ஓடுகிறவர்கள்தான் கூட்டம். முழுத் தூரத்துக்கு நின்றவர்கள் ஒரு பேருந்துகூட நிறையாது. தொடக்கக் கோட்டில் பூசணிக்காயில் சூடம் ஏற்றிச் சுற்றி உடைத்தார்கள். புது எந்திரம் இறக்கினால் செய்கிற அதே சடங்காம். கோகிலா என்னைக் கண்டுபிடித்து வந்தாள். கடைசியில் வருகிறவர்களை ஏற்றிக்கொள்ள அவளுடைய கம்பெனிப் பேருந்துதான் பின்னால் வரும், வேலுச்சாமிதான் ஓட்டுகிறார் என்றாள். "முடியலைன்னா பேசாம ஏறிக்கோங்க்கா. ஒண்ணும் வெக்கமில்லீங்க."

முதல் பாதி நன்றாகவே போனது. இருட்டில் சாயப்பட்டறை வாடை, பிறகு மாட்டுத் தொழுவ வாடை, பிறகு தென்னந்தோப்புகளின் ஈரக் காற்று. வெளிச்சம் வந்ததும் தூரத்துக் காற்றாலைகள் தெரிந்தன. வெறும் கேன்வாஸ் காலணி போட்ட ஒடிசாக்காரப் பையன் ஒருவன் என்னைத் தாண்டிப் போகும்போது இந்தியில் ஏதோ சொன்னான். "மெதுவா அக்கா, மெதுவா, இன்னும் நெறைய இருக்கு" என்பது அதன் அர்த்தம் என்று பின்னால் வந்தவர் சொன்னார். நான் மெதுவாகத்தான் ஓடிக்கொண்டிருந்தேன்.

ஊரைத் தாண்டியதும் ஒரு வேடிக்கை ஆரம்பித்தது. சாலையோரம் நின்றவர்கள் எங்களைப் பார்த்துக் கைகூப்பினார்கள். வாசலில் கோலம் போட்டுக்கொண்டிருந்த பெண் எழுந்து நின்று கன்னத்தில் போட்டுக்கொண்டாள். எனக்கு விளங்கக் கொஞ்ச நேரமானது. எல்லோரும் பச்சைச் சட்டை, எல்லோரும் வியர்வையோடு தெற்கே போகிறோம், பக்கத்திலேயே பழனிக் கூட்டம். பச்சை உடுத்தி இந்தச் சாலையில் காலால் போகிறவர்கள் வேறு யாராக இருக்க முடியும்? மீந்துபோன துணியை எடுத்த கமிட்டிக்காரர்கள் இதை யோசிக்கவே இல்லை.

பந்தலுக்குப் பந்தல் மறித்தார்கள். "சாமி, பானகம் குடிச்சுட்டுப் போங்க." "சாமி, ரெண்டு வாய் தயிர்ச்சோறு." ஓடிக்கொண்டே கும்பிட்டு மறுத்தால் மனம் நொந்து போகிறார்கள். ஒரு பெண் தட்டோடு என் பக்கத்திலேயே ஓடி வந்தாள். நேரம் போகிறதே என்று எரிச்சலாக இருந்தது. சுண்டலை வாங்கி வாயில் போட்டுக்கொண்டேன். சூடாக, தேங்காய் தூக்கலாக, அருமையாக இருந்தது. அதுவும் எரிச்சலாக இருந்தது.

கொடுவாய்க்கு அருகே திரும்ப வேண்டும். திரும்பியதும் வெயில் முதுகைச் சுட்டது. இனி நாங்கள் வடக்கே, பழனிக் கூட்டம் தெற்கே. சட்டை நனைந்து இழுத்தது. அக்குள் உரசிப் புண்ணாகி எரிந்தது. எனக்கு முன்னால் யாரும் தெரியவில்லை, பின்னாலும் யாரும் இல்லை. தொடையில் பிடிப்பு வந்தபோது இன்னும் பத்து கிலோமீட்டருக்குக் குறையாமல் இருந்தது. இரண்டு கால்களும் கல்லாகிவிட்டன. வேலிக் கம்பத்தைப் பிடித்துக்கொண்டு நின்றேன். மாத்திரையும் போடக் கூடாது.

எதிர்ப் பந்தலிலிருந்து ஒருவர் நாற்காலியோடு ஓடிவந்து என்னை உட்கார வைத்தார். பெரிய மீசை, இடுப்பில் துண்டு. பல்லடத்துப் பக்கம் கோழிப்பண்ணை வைத்திருப்பவராம். "கோழிக்காரன் பந்தல்னு கேட்டாத் தெரியுமுங்க. தை மாசம் நாங்க முட்டையக்கூடத் தொடறதில்லீங்க" என்று, நான் கேட்காமலே ஒரு விளக்கம் கொடுத்தார். உப்புப் போட்ட மோரை இரண்டு டம்ளர் குடித்தேன். உயிர் திரும்பியது.

"யாருக்குங்க சாமி வேண்டுதலு?" என்று கேட்டார். பச்சைச் சட்டையைப் பார்த்தவருக்கு, நான் பழனிக்கு எதிர்த்திசையில் போவது உறைக்கவில்லை.

இது பழனி நடையில்லை, ஓட்டப்பந்தயம் என்று சொல்ல வாயெடுத்தேன். சொல்ல முடியவில்லை.

"என் தம்பிக்கு" என்றேன்.

"ஒடம்பு சரியில்லீங்களா?"

"ஒடம்பு சரியாயிடுச்சு. மனசுதான் சரியாகல."

அவர் ஆமோதிப்பது போலத் தலையை ஆட்டிவிட்டு, மூன்றாவது டம்ளர் மோரைக் கையில் கொடுத்தார்.

அப்போது கம்பெனிப் பேருந்து வந்து நின்றது. உள்ளே நாலைந்து பச்சைச் சட்டைகள், தலையைச் சாய்த்துக்கொண்டு. வேலுச்சாமி இறங்கி வந்தார். "அக்கா, நேரம் முடிஞ்சுபோச்சுங்க. நீங்கதானுங்க கடைசி."

எனக்கு அழுகையெல்லாம் வரவில்லை. உண்மையைச் சொன்னால், நிம்மதியாக இருந்தது. இருக்கை, நிழல், மின்விசிறி. முயன்றோம், முடியவில்லை, யாரும் குறை சொல்ல முடியாது. எழுந்து தாங்கித் தாங்கிப் போய், கைப்பிடியைப் பிடித்து, ஒரு காலைப் படிக்கட்டில் வைத்துவிட்டேன்.

"ஏனுங்க டிரைவரு!" கோழிக்காரர் குறுக்கே வந்துவிட்டார். "வேண்டுதலுக்குப் போறவங்கள வண்டியில ஏத்தறதுங்களா? எந்த ஊருப் பழக்கமுங்க இது?"

"இது பழனிக்கு நடக்கறதில்லீங்க. மாரத்தானுங்க. மிச்சம் இருக்கறவங்கள ஏத்திட்டு வரச் சொல்லியிருக்கறாங்க."

"அது என்னவோ இருக்கட்டுமுங்க. இந்தச் சாமி தம்பிக்காகப் போறமுன்னு இப்பத்தான் வாயால சொன்னாங்க. பாதியில ஏத்திக் கொண்டுபோய் எறக்கினா அந்தத் தம்பிக்கு ஆகுமுங்களா? நீங்களும் மாலை போட்டிருக்கறீங்க, நீங்களே சொல்லுங்க."

வேலுச்சாமி கழுத்து மாலையை ஒருமுறை தொட்டுக்கொண்டார். என்னைப் பார்த்தார். அவருக்குத் தெரியும், இது வெறும் ஓட்டம்தான் என்று. மாலை போட்ட மனிதர். தம்பி பேரைச் சொன்ன பிறகு என்னைப் படியேற்ற அவருக்குக் கை வரவில்லை.

"அக்கா" என்றார் மெதுவாக. "நீங்க நடங்க. எவ்வளவு நேரமானாலும் பரவால்லீங்க. நான் பின்னாலயே வர்றனுங்க."

எனக்கு வந்த கோபத்தைச் சொல்லி முடியாது. ஏறி உட்காரப்போனவளை இரண்டு ஆண்கள் சேர்ந்து வெயிலில் தள்ளிவிட்டார்கள். என் கையிலிருந்து பாரத்தை வாங்க ஊரெல்லாம் போட்டி போடும்போது, இவர்கள் மட்டும் வாங்க மறுக்கிறார்கள்! இதை நினைத்ததும் கோபம் போன இடம் தெரியவில்லை. படியிலிருந்து காலை எடுத்தேன்.

நடந்தேன். பிடிப்பு விட்டபோது ஓடினேன், வந்தபோது நடந்தேன். மஞ்சள் விளக்கைச் சிமிட்டிக்கொண்டு பேருந்து என் பின்னால் ஊர்ந்து வந்தது. எதிரே வந்த பழனிக் கூட்டத்தில் ஒருவர் தலையில் கட்டியிருந்த துண்டை அவிழ்த்து, நனைத்து, என் கழுத்தில் போட்டுவிட்டுப் போனார். யாரென்று பார்ப்பதற்குள் கடந்துவிட்டார்.

ஒரு பாலத்தருகேதான் கவனித்தேன், என் இடது கை விலாவுக்குக் கீழே அழுத்திக்கொண்டிருந்ததை. அறுவைத் தழும்பு இருக்கும் இடம். அங்கே வலியே இல்லை. வலியெல்லாம் தொடையில், பாதத்தில், அக்குளில். கை மட்டும் அங்கே காவல் நின்றது. எப்போதிலிருந்து? யோசித்துப் பார்த்தால் ஆறு ஆண்டுகளாகவே. பேருந்தில் இடிபடும்போது, படுக்கும்போது, பெட்டியைத் தூக்கப் போகும்போது. என்னைப் பாதி ஆள் என்று நினைத்தது மணியம் மட்டுமில்லை. அந்தப் பயத்தை அவனிடம் பார்த்தபோதெல்லாம் எரிந்து விழுந்தேனே, அது என்னிடமும் இருந்ததனால்தான். சாலை நடுவிலேயே அழுதேன். பின்னால் பேருந்து நின்றது, ஹாரன் அடிக்கவில்லை. அழுது முடித்து, கையை எடுத்துத் தொங்கப் போட்டுக்கொண்டு, மறுபடியும் ஓடினேன்.

மைதானத்தில் முடிவுக்கோட்டு அலங்கார வளைவைக் கழற்றியிருந்தார்கள். நேரத்தைக் குறிக்கும் விரிப்பைச் சுருட்டி வேனில் ஏற்றியிருந்தார்கள். நாற்காலிகள் அடுக்கடுக்காக. கோட்டின் இரு பக்கமும் குத்தி வைத்திருந்த மூங்கில் கம்பு இரண்டும், கையில் போனோடு கோகிலாவும் மட்டும் மிச்சம். நான் உள்ளே வந்ததைப் பார்த்துப் பேருந்திலிருந்தவர்கள் இறங்கிக் கைதட்டினார்கள். மூங்கில் கம்புகளுக்கு நடுவே நுழைந்தேன். முடிவுப் பட்டியலில் என் பெயர் இல்லை. பதக்கத்தை மட்டும் கோகிலா தன் கைப்பையிலிருந்து எடுத்து மாட்டிவிட்டாள்.

"வீடியோ எடுத்து மணியண்ணனுக்கு அனுப்பிச்சிட்டனுங்க்கா" என்றாள். "போனும் பண்ணினேன், எடுக்கலீங்க."

சாயங்காலம் அவள் போனில் பார்த்தேன். அவன் பார்த்துவிட்டதாக நீலக் கோடுகள் காட்டின. பதில் இல்லை.

திங்கட்கிழமை படிக்கட்டு இறங்குவதற்குப் பின்பக்கமாகத் திரும்ப வேண்டியிருந்தது. தையல் பெண்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். மறுபடி வந்த துணியில் தைத்த சட்டையைத் துவைத்து, காயவைத்து, தொங்கவிட்டுப் பார்த்தோம். தையல் தோளிலிருந்து ஓரம்வரை நூல் பிடித்த மாதிரி நேராக நின்றது. வந்த காரியம் முடிந்தது. மறுநாளுக்குள் தைத்து முடிந்த, பள்ளிக்குத் தேவையான முதல் தொகுதியை ஓர் அட்டைப்பெட்டியில் கட்டி, விமானத்திலேயே கொண்டுபோகச் சொன்னார்கள். அதை வண்டியில் ஏற்றிய ஆளை நான் தடுக்கவில்லை. கோபப்படவும் தெம்பு வேண்டுமல்லவா?

கிளம்பும்போது கோகிலா ஒரு டப்பா ஒப்புட்டு கொடுத்தாள். தேங்காயும் வெல்லமும் வைத்து நெய்யில் சுட்ட இனிப்புப் போளி. "இது மணியண்ணனுக்குங்க்கா. அவரு பேசலைன்னா நீங்களே சாப்பிட்ருங்க." மணியம் அப்போதும் பேசியிருக்கவில்லை. கோலாலம்பூரில் இறங்கி, ஈப்போ பேருந்தில் ஏறி, எந்த வண்டியில் வருகிறேன் என்று மட்டும் ஒரு செய்தி அனுப்பினேன். அவன் வராவிட்டால் என்ன செய்வது என்று வழியெல்லாம் யோசித்தேன். பரிசாகக் கொடுத்ததைக் கடனாக நினைக்கிற ஒருவனோடு இனிமேலும் எப்படி ஒரே கடையில் உட்காருவது?

வந்திருந்தான். முகக்கவசம் போட்டுக்கொண்டு, கூட்டத்திலிருந்து தள்ளி, ஒரு தூணருகே நின்றான். பேருந்தின் அடியிலிருந்து அட்டைப்பெட்டியை இழுத்துத் தரையில் வைத்துவிட்டுப் போனார்கள். பெட்டிக்கு இந்தப் பக்கம் நான், அந்தப் பக்கம் அவன். என் கழுத்துப் பதக்கத்தைப் பார்த்தான். நான் நிற்க முடியாமல் கால் மாற்றி நிற்பதைப் பார்த்தான். கண்கள் சிவந்திருந்தன.

வழக்கம்போல அவன் கைகள் பெட்டியை நோக்கி வந்தன. பாதியில் நின்றன. அவற்றை மெதுவாகத் திரும்ப எடுத்து, இரண்டையும் காற்சட்டைப் பைக்குள் விட்டுக்கொண்டான்.

"வேன் அந்தப் பக்கம் நிக்குதுக்கா" என்றான். "பொட்டியத் தூக்கிட்டு வா."

சொல்லிவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் முன்னால் நடந்தான். நான் குனிந்து பெட்டியைத் தூக்கினேன். தொடை இரண்டும் கதறின. வேன் வரும்வரை எங்கேயும் இறக்கி வைக்கவில்லை.